செல்லாக் காசு: ஓட்டைக் காலணா முதல் வாழைமர நோட்டு வரை

"ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாதவன்" என்று வடமதுரைப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் பெரியவர்கள் திட்டுவது உண்டு. திட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் காசைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்! நடுவில் பெரிய வட்டமாக ஓட்டை போட்ட வெண்கலக் காசு அது. 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். அதற்கு முந்தைய காலணா கிட்டத்தட்ட 5 கிராம் இருந்தது. ஓட்டை விழுந்த பிறகு சுமார் 2 கிராம்தான். மதிப்பு மட்டும் அதே ரூபாயில் 64ல் ஒரு பங்கு. மிச்சம் பிடித்த செம்பு எங்கே போயிற்று? போருக்கு. தோட்டா உறைக்கும் குண்டு உறைக்கும் செம்பு வேண்டும்.

போர் வந்தால் முதலில் காணாமல் போவது சட்டைப்பையில் இருக்கும் உலோகம்தான். அந்த இடத்துக்கு வேறு ஏதாவது வந்தாக வேண்டும், ஏனென்றால் காய் வாங்கவும் கூலி கொடுக்கவும் மக்களுக்குச் சில்லறை தேவை. அப்படி அவசரத்துக்கு வந்த காகிதங்களுக்கு உலகம் முழுக்க ஒரு தனி வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரிலும் அதற்குப் பிறகும் ஜெர்மனியில் ஒவ்வொரு ஊரும் தனக்குத்தானே நோட்டு அச்சடித்துக்கொண்டது. 'நோட்கெல்ட்' என்று பெயர், அதாவது அவசரப் பணம். பட்டுத் துணியில்கூட அச்சடித்தார்கள், பீங்கானில் காசு செய்தார்கள். அதைச் சேகரிப்பவர்கள் இன்றும் ஏராளம். அழகான சமாச்சாரம்தான். ஆனால் தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் இருக்கும் பங்கு அவ்வளவு அழகானது இல்லை.

நம் ஊர்க் கதை 1917ல் தொடங்குகிறது. அன்றைய வெள்ளி ரூபாய் 180 கிரெய்ன் எடை. அதில் 12ல் 11 பங்கு சுத்த வெள்ளி. புகையிலை விற்றவரும் மாடு விற்றவரும் கையில் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு வாங்கிய ரூபாய் அது. முதல் உலகப் போர் நீண்டுகொண்டே போக, வெள்ளி விலை ஏறியது. ரூபாயை உருக்கி விற்றால் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் காசு அடுப்படிப் பானைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போக ஆரம்பித்தது. அரசாங்கம் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்க் காகித நோட்டை வெளியிட்டது. அதன் முகத்தில் என்ன படம் தெரியுமா? ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படம்! காசு இல்லை, இந்தா காசின் படம் என்று கொடுத்த மாதிரி. பின்பக்கம் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளில் 'ஒரு ரூபாய்' என்று இருந்தது. புத்தகம் போல 25 தாள்களாகத் தைத்து வந்ததைக் கிழித்துக் கொடுத்தார்கள். அடுத்த 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய்க்கு, அதாவது 2 ரூபாய் 8 அணாவுக்கு ஒரு நோட்டு வந்தது. இந்திய வரலாற்றில் அப்படி ஒரு விசித்திர மதிப்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மக்கள் லேசில் நம்பவில்லை. 1918ல் கரன்சி ஆபீஸ்களின் முன்னால் காகிதத்தைக் கொடுத்து வெள்ளி வாங்கக் கூட்டம் கூடியது. வெள்ளி கையிருப்பு அடிமட்டத்துக்குப் போன நேரத்தில் அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' என்று ஒன்று போட்டு, தன் வெள்ளி டாலர்களை உருக்கி சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. அதனால் காகிதம் பிழைத்தது. 1926 ஜனவரி 1 முதல் இந்த இரண்டு சிறிய நோட்டுகளும் நிறுத்தப்பட்டன. அதுவரை வைத்திருந்தவர் யாரும் ஏமாறவில்லை. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் அதே நாடகம் மறுபடி. 1940ல் ஒரு ரூபாய் நோட்டு திரும்ப வந்தது. ரூபாய்க் காசில் வெள்ளி சரிபாதியாகக் குறைந்தது. தேவைக்கு மேல் சில்லறை சேர்த்து வைத்தால் குற்றம் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு விதி போட்டார்கள். கத்தியவார், ராஜஸ்தான் பக்கத்துச் சில சமஸ்தானங்கள் தபால்தலை அளவுக்கு அட்டைத் துண்டுகளை 'கேஷ் கூப்பன்' என்று அடித்து விட்டன. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இன்னும் வேடிக்கை. 1942ல் வந்த ஐந்து சென்ட் நோட்டின் குறுக்கே தபால்தலை போலத் துளை வரிசை இருந்தது. கிழித்தால் ஒரு பக்கம் 2 சென்ட், மறுபக்கம் 3 சென்ட்! கடைக்காரர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுப்பதைவிட இது எவ்வளவோ யோக்கியமான ஏற்பாடு :-)

இதுவரை சொன்னதெல்லாம் ஊர் முழுக்கச் செல்லும் காகிதம். வேலிக்குள் மட்டும் செல்லும் காகிதம் என்று இன்னொரு வகை உண்டு.

வட ஆப்பிரிக்காவில் 1940-41ல் பிடிபட்ட இத்தாலியப் போர்வீரர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர், போபால், டேராடூன், யோல் போன்ற இடங்களில் முகாம்கள். 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி கைதிக்கும் சம்பளம் உண்டு, முகாம் கேன்டீனில் சோப்பும் சிகரெட்டும் வாங்கலாம். ஆனால் நிஜ ரூபாயைக் கையில் கொடுத்தால் தப்பி ஓடும்போது ரயில் டிக்கெட்டுக்கு உதவுமே! அதனால் அணாக் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் முகாமுக்கென்று தனிக் கூப்பன் அச்சடித்தார்கள். கம்பிவேலிக்கு வெளியே அது பீடி சுற்றக்கூட உதவாது. (அப்படியும் தப்பியவர்கள் உண்டு. 1944ல் டேராடூனிலிருந்து திபெத்துக்கு ஓடிய ஹைன்ரிக் ஹாரரின் கதை உலகத்துக்கே தெரியும்.)

நாஜிகளின் தெரேசியென்ஸ்டாட் முகாமில் இது கொடூரமான கேலியாகவே ஆனது. 1943 ஜனவரி 1 தேதியிட்டு, பத்துக் கட்டளைப் பலகையோடு மோசே நிற்கும் படம் போட்டு, யூதர்களுக்கென்று நோட்டு அச்சடித்தார்கள். வாங்குவதற்குக் கடையில் சரக்கு கிடையாது. வெளியிலிருந்து பார்க்க வருபவர்களுக்கு இது சாதாரண ஊர் என்று காட்டத்தான் அந்த நோட்டு. அதில் கையெழுத்து இருப்பது முகாமின் யூதத் தலைவராக வைக்கப்பட்ட யாக்கோப் எடெல்ஸ்டைனுடையது. செஞ்சிலுவைச் சங்கக் குழு அந்த முகாமைப் பார்வையிட வந்தது 1944 ஜூன் 23. எடெல்ஸ்டைன் ஆஷ்விட்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டது அதற்கு மூன்று நாள் முன்பு.

வேலிக்குள் செல்லும் காகிதம் என்றதும் நம் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். இலங்கை மலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. "இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம்" என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கைமாறிக்கொண்டே போகும் அந்தக் காகிதத்தின் மதிப்பு வெள்ளியிலோ தங்கத்திலோ இல்லை, அதில் எண்ணிக்கையாக எழுதப்பட்ட மனிதர்களில்! 1921ல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். இதைப் பணம் என்று நாணயவியல் புத்தகங்கள் சேர்ப்பதில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

சரி, இப்போது மலாயாவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் முக்கிய நோட்டு அங்கேதான் இருக்கிறது.

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதி. மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்கள் போனது தெரிந்த கதை. திண்டுக்கல் - திருச்சி ரயில் பாதை வடமதுரை வழியாகத்தான் போகிறது. திருச்சியிலிருந்து கிழக்கே திரும்பினால் தஞ்சாவூர், அதற்கப்புறம் நாகப்பட்டினம். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் மலாயா போகிறவர்களுக்கான டிப்போக்கள் இருந்தன. அங்கிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல்களில் பினாங்கு. மலாயாவின் 1931 கணக்கெடுப்பில் இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938ல் தடை செய்தது. அதற்கு முன்பு போனவர்கள் அங்கேதான் இருந்தார்கள், 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் வந்து இறங்கியபோதும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பான்காரர்கள் வரும்போதே நோட்டையும் கொண்டுவந்தார்கள். போகப் போகும் நாடுகளுக்கெல்லாம் முன்கூட்டியே அச்சடித்து, நாட்டுக்கு ஓர் எழுத்துப் போட்டிருந்தார்கள். மலாயா நோட்டில் 'எம்', பர்மா ரூபாயில் 'பி'. மலாயாவின் பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருந்தது. அதனால் எல்லா நோட்டுக்குமே 'வாழைமர நோட்டு' என்று பெயர் வந்துவிட்டது. மலாய்க்காரர்கள் 'டூயிட் பிசாங்' என்றார்கள், அதே அர்த்தம்தான். (டாலரை மலாயாத் தமிழர்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். வெள்ளியே இல்லாத ஒரு காகிதத்துக்கு வெள்ளி என்று பெயர்!) 'கேட்டவுடன் பத்து வெள்ளி கொடுக்க ஜப்பான் அரசாங்கம் உறுதி கூறுகிறது' என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் இல்லை.

ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. சீக்கிரமே எண்ணை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் போட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். எண் இல்லாத நோட்டு என்றால் என்ன அர்த்தம்? எத்தனை அச்சடித்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள யாருக்கும் அக்கறை இல்லை என்று அர்த்தம். தாளும் மட்டமாகிக்கொண்டே போனது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக ஆன ஊரில், வாழைமரம் மட்டும் கட்டுக்கட்டாகக் காய்த்துத் தள்ளியது. புழக்கத்தில் இருந்த நோட்டைத் திரும்ப உறிஞ்ச லாட்டரிகூட நடத்திப் பார்த்தார்கள். 1945ல் ஆயிரம் வெள்ளி நோட்டு வந்தது, அதில் மாட்டு வண்டிப் படம். அந்தக் கடைசிக் கட்டத்தில் வந்த நூறு வெள்ளி நோட்டு ஒன்றில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களின் படம் இருக்கிறது. தோட்டக்காட்டுக் கூலி ஒருவர் நோட்டில் ஏறியதற்கு இதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது.

அந்த ஆட்களை நிஜத்தில் எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் விஷயம். போர் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டங்கள் படுத்துவிட்டன, கூலி இல்லை. அந்த நேரத்தில் சயாமையும் பர்மாவையும் இணைத்து, பான் போங் முதல் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். போருக்கு முன்பு தோட்டத்தில் ஆண் கூலி சுமார் 50 சென். ஒரு வெள்ளி என்றால் ஆசை வராமல் இருக்குமா? அப்போதே ஒரு வெள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஆசைப்பட்டவர்கள் தீர்ந்த பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள்.

1942ல் தொடங்கி 1943 அக்டோபர் 17ல் இரண்டு முனையும் சேர்ந்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல் அதில் வேலை செய்தார்கள், 12 ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு மதிப்பீடுதான். 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் போயிருக்கலாம், அவர்களில் பாதிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் எல்லோரும் அதில் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் வந்த காலரா முகாம் முகாமாகக் காலி செய்தது. கைதிகளுக்காவது அவர்கள் பட்டாளத்து டாக்டர்கள் கூட இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதுவும் இல்லை. பெயர்ப் பதிவேடும் இல்லை. கூலிக்குக் கொடுத்த நோட்டைப் போலவே, ஆட்களுக்கும் எண் இல்லை.

இன்னொரு சிக்கல் உண்டு, யாரும் அவ்வளவாகப் பேசாதது. மலாயாவில் செல்வது 'எம்' எழுத்து வெள்ளி. சயாம் ஜப்பானின் கூட்டாளி நாடு என்பதால் அங்கே செலாவணி தாய்லாந்தின் பாட். எல்லை தாண்டினால் 'பி' எழுத்து ரூபாய். ஒரே ரயில் பாதை, மூன்று பணம். உயிரோடு தோட்டத்துக்குத் திரும்பியவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் பழைய மலாயா வெள்ளியைத் திரும்பக் கொண்டுவந்து, ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ளத் தேதி கிடையாது, விகிதம் கிடையாது. 2016 நவம்பர் 8 ராத்திரி நம் ஊரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது, வரிசையில் நின்றாவது வங்கியில் போட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. மலாயாவில் வரிசையே இல்லை. மூன்றரை வருஷச் சேமிப்பு அடுப்பு மூட்டப் போனது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி நஷ்டமா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. போருக்கு முன்பு வட்டிக்கு வாங்கிய பெருங்கடனை, பணம் மதிப்பிழந்த காலத்தில் சுலபமாகக் கட்டி முடித்தவர்கள் நிறைய. நல்ல வெள்ளியில் கொடுத்த கடனுக்கு வாழைமர நோட்டை வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களில் செட்டியார்களும் இருந்தார்கள், வங்கிகளும் இருந்தன. போர் முடிந்ததும் "அது கடன் தீர்ந்ததாகாது" என்று இவர்களும் "தீர்ந்தது தீர்ந்ததுதான்" என்று அவர்களும் மோதினார்கள். கடைசியில் மலாயாவில் 1948ல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. எந்த மாதத்தில் கட்டிய வாழைமர வெள்ளிக்கு நிஜ வெள்ளியில் என்ன மதிப்பு என்று அட்டவணை போட்டு, அதன்படி கடன் தீர்ந்ததா, மிச்சம் உண்டா என்று தீர்மானித்தார்கள்.

கவனித்தீர்களா? வாழைமர நோட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரத்தில் ஏறிய நோட்டுக்கு மட்டும். முண்டாசிலும் தகரப் பெட்டியிலும் முடிந்து வைத்திருந்த கூலி நோட்டுக்கு எந்த அட்டவணையும் வரவில்லை. 1917 காகிதத்தை நம்பாத நம் ஊர்க்காரரை அன்றைய அரசாங்கம் எப்படியாவது வெள்ளி தேடிக் கொண்டுவந்து சமாதானப்படுத்தியது. ஏனென்றால் அவர் நம்பாவிட்டால் ராணுவத்துக்குக் கோதுமையும் சணலும் வாங்க முடியாது. தோட்டத்துக் கூலி நம்பினாலும் நம்பாவிட்டாலும் 1945ல் யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை.

பாதையையும் விற்றுவிட்டார்கள். போர் முடிந்தபின் பிரிட்டன் அந்த ரயில் பாதையை தாய்லாந்துக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு விற்றது. பர்மா எல்லைப் பக்கத்துத் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7 ஆயிரம் கல்லறைகள், அடையாளம் தெரிந்தவர்களுக்குப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த பலகைகள். தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த தோட்டம் எதுவும் இல்லை.

நோட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதுவும் தாராளமாக. பழைய நாணயம் விற்கும் கடைகளிலும் கண்காட்சிகளிலும் பத்து வெள்ளி வாழைமர நோட்டைப் பார்க்கலாம். அத்தனை அச்சடித்ததால் பெரிய விலை இல்லை. வரிசை எண் உள்ள ஆரம்ப கால நோட்டுக்குக் கொஞ்சம் கிராக்கி அதிகம். சேகரிப்பவர்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்து மடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டுப் பிரிக்காமல், ஒருவர் கைக்கும் போகாமல் இருந்த நோட்டுக்குத்தான் நல்ல விலை. வியர்வைக் கறை பட்டு, நாலாக மடித்து முடிந்து வைத்திருந்த நோட்டு என்றால் தனியாக ஒரு டப்பாவில் கொட்டி, கை நிறைய அள்ளிக்கொள்ளச் சொல்லி விற்பார்கள்.